இரட்டை எல் முத்திரையை நம்பி 900 யூரோ கட்டலாமா?

கேள்வி: பாரிஸ் அருகே லா கூர்னெவ்வில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு மூதாட்டி காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் சாமான்களை விற்றார்கள். பெண்கள் உட்கார்ந்து கடிதம் எழுதும் சின்ன மேசை ஒன்றை 400 யூரோவுக்கு வாங்கினேன். மேலே இருக்கும் குட்டி இழுப்பறைகளில் கருநீலக் கரை போட்ட பீங்கான் தகடுகள், நடுத்தகட்டில் ஒரு சீமாட்டியின் முகம், ஓரமெல்லாம் பொன்முலாம் பூசிய வெண்கலம். பார்க்க வந்த புரோக்கர் ஒரு தகட்டைக் கழற்றி, பின்னால் இரண்டு எல் எழுத்துகள் பின்னியிருப்பதைக் காட்டினார். "இது மதாம் து பொம்பதூர் வைத்திருந்த மேசை, லட்சக்கணக்கில் போகும்" என்கிறார். முதலில் நிபுணர் சான்றிதழுக்கு 900 யூரோ கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த ஆளை இனி மேசையைத் தொடவும் விடாதீர்கள்.

பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி பொம்பதூர், 1764இல் இறந்துவிட்டார். செவ்ர் என்ற பிரெஞ்சு அரச தொழிற்சாலையின் பீங்கான் பதித்த இந்த வகை மேசைக்குப் பேர்போன தச்சர் மார்த்தின் கார்லின், பாரிஸ் தச்சர் சங்கத்தில் மாஸ்டர் ஆனதே 1766இல்தான். அவரிடம் செய்வித்து விற்றவர் பொவாரியே என்ற வணிகர். வாங்கிய பெரிய இடத்துப் பெண்களில் ஒருவர், பொம்பதூருக்குப் பின் அதே அரசரின் ஆசைநாயகியான மதாம் து பாரி. ஆனால் புரோக்கர்கள் வாயில் பொம்பதூர்தான் வருவார், கேட்பவருக்குத் தெரிந்த பெயர் அதுதானே.

கார்லின் மேசைகளின் தகடுகளில் பெரும்பாலும் வெள்ளைப் பரப்பில் பூங்கொத்து இருக்கும், சுற்றிலும் பச்சை அல்லது நீலக் கரை. கருநீலமும் சீமாட்டி முகமும் அனேகமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரசனை. அந்த நூற்றாண்டின் நடுவில் பிரான்சை ஆண்ட மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனிக்கு, பதினாறாம் லூயியின் அரசி மரி அந்துவானெத் மீது தீராத பிரியம். அந்தக் காலத்தில் பழைய பாணி மேசைகளைப் பாரிஸ் பட்டறைகள் ஏராளமாகச் செய்தன. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது அந்த வரிசையில்தான் வரும்.

இரட்டை எல், செவ்ர் அரச தொழிற்சாலையின் முத்திரை, உண்மைதான். நடுவில் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் போடுவார்கள்: 1753க்கு ஏ, அப்புறம் வரிசையாக. ஆனால் ஒரு தூரிகையும் கொஞ்சம் நீலமும் இருந்தால் யாரும் போடக்கூடிய குறி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டறைகள் கூசாமல் போட்டன.

இதில் ஒரு விதிவிலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் புரோக்கர் அடுத்து இதைத்தான் எடுப்பார். "பீங்கான் அசல் செவ்ர், ஆய்வகத்திலேயே காட்டலாம்" என்பார். அது உண்மையாகவே இருக்கலாம்! 1800இல் அலெக்சாந்தர் பிரோஞ்யார் செவ்ர் இயக்குநரானார். கிடங்கில் தேங்கிக் கிடந்த, ஓவியம் தீட்டாத பழைய வெள்ளைப் பீங்கானை விற்றுத் தள்ளினார். வெளி ஆட்கள் வாங்கி, பழைய பாணியில் படம் வரைந்து, பொன் பூசி, மறுபடி சூளையில் வைத்தார்கள். அதாவது மண் பதினெட்டாம் நூற்றாண்டு, படம் அடுத்த நூற்றாண்டு. மண் அசல் என்று யார் நிரூபித்தாலும் படம் அசல் ஆகிவிடாது. அப்படியே படமும் அசல் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பழைய தட்டத்திலிருந்து தகட்டை எடுத்து நேற்றுச் செய்த மேசையில் பதிக்க எவ்வளவு நேரமாகும்? மண், படம், மரம், வெண்கலம் நான்கையும் தனித்தனியாகப் பார்க்காத சான்றிதழ் வெறும் காகிதம்.

அந்தக் காகிதத்தைத் தருபவர் யார்? பிரான்சில் கலைப்பொருள் நிபுணர் என்று சொல்லிக்கொள்ள உரிமம் எதுவும் வேண்டாம். முடிவெட்டும் கடை திறக்கத் தகுதி கேட்கும் நாட்டில், ஒருவர் பெயர்ப்பலகை மாட்டினால் நிபுணர்! வெர்சாய் அரண்மனையே பதினெட்டாம் நூற்றாண்டு நாற்காலி என்று போலிகளை வாங்கி ஏமாந்தது. செய்தவர்களில் ஒருவர் அந்தத் துறையிலேயே மதிக்கப்பட்ட நிபுணர். 2016இல் வெளியே வந்த விவகாரத்துக்குத் தீர்ப்பு வர 2025 ஆகிவிட்டது. அரண்மனைக்கே இந்தக் கதி என்றால் உங்கள் 900 யூரோவை யார் மீட்டுத் தருவார்கள்?

நீங்கள் செய்ய வேண்டியது இது. மேசையின் முன்புறம், பக்கம், அடிப்பகுதி, இழுப்பறையின் உட்புறம், பூட்டு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பூட்டுத் தகட்டை உற்றுப் பாருங்கள்: சொர்மானி போன்ற பெரிய பட்டறைகள் அங்கேதான் பெயரைப் பொறித்தன. அப்படி ஒரு பெயர் கிடைத்தால், மேசை பத்தொன்பதாம் நூற்றாண்டாக இருந்தாலும் நல்ல பொருள்தான். படங்களைத் தகுதி பெற்ற இரண்டு ஏலதாரர்களுக்கு அனுப்புங்கள். பலர் விற்பனையை எதிர்பார்த்து இலவசமாகவே மதிப்பிடுவார்கள்.

அவர்கள் எழுத்தில் தருவதை நிதானமாகப் படியுங்கள். 1981ஆம் ஆண்டு அரசாணைப்படி 'எபோக் லூயி சேஸ்' (பதினாறாம் லூயி காலம்) என்று எழுதினால் அந்தக் காலத்துப் பொருள் என்று உத்தரவாதம். 'ஸ்தில் லூயி சேஸ்' (பதினாறாம் லூயி பாணி) என்றால் காலத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புரோக்கர் வாயால் சொன்ன 'எபோக்' காகிதத்தில் 'ஸ்தில்' ஆக மாறுவதுதான் வழக்கமான தில்லுமுல்லு.

அதுவரை வெண்கலத்துக்குப் பித்தளை பாலிஷ் போடாதீர்கள், பொன்முலாம் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். புரோக்கர் கழற்றிய தகட்டை நீங்களே பசை போட்டு ஒட்டாமல் துணியில் சுற்றி வையுங்கள். மேசையை ஹீட்டர் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். மரம் உலர்ந்து சுருங்கினால் மற்ற தகடுகளும் ஆட ஆரம்பிக்கும்.