முகம் காட்டாத கிறிஸ்டினா

கேள்வி: புல்வெளியில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மேட்டிலுள்ள வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அமெரிக்க ஓவியம் 'கிறிஸ்டினாவின் உலகம்'. அந்தப் பெண்ணை வைத்து எழுதப்பட்ட சரித்திர நாவலை வாசித்தேன். படத்தில் சின்ன வயசுப் பெண்போல இருக்கிறார், கதையிலோ நடுவயது. எது நிஜம், ஐயா? வாழ்ந்த ஒருவரைப் பற்றி இப்படிக் கற்பனை கலந்து எழுதலாமா?
- வாசகி, தஞ்சோங் மாலிம்

பதில்: இரண்டும் நிஜம்தான், சகோதரி. கிறிஸ்டினா ஓல்சன் 1893-இல் பிறந்தவர். மெய்ன் மாநிலத்தில் குஷிங் என்ற ஊர், பழைய பண்ணை வீடு, கூடத் தம்பி அல்வாரோ. தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் அவருக்கு. நடக்க முடியாமல் போனபோதும் சக்கர நாற்காலி வேண்டாம் என்றுவிட்டு, கையை ஊன்றி ஊர்ந்தே போய்வந்தார். அந்த வீட்டு மாடியறையில் படம் வரைந்துகொண்டிருந்த ஆண்ட்ரூ வயெத், அவர் வயலில் ஊர்ந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். 1948-இல் ஓவியம் முடிந்தபோது கிறிஸ்டினாவுக்கு 55 வயது. ஆனால் உடம்பை வரைவதற்கு வயெத் உட்காரவைத்தது தன் மனைவி பெட்ஸியை. அவருக்கு 26. உங்கள் கண் ஏமாறவில்லை.

அதே 1948, மலாயாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் வேறு விதமாக நினைவிருக்கும் வருஷம். ஜூன் 16-ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்தது. பிறகு எங்கள் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, சுற்றி முள்கம்பி வேலி. அந்த வேலிக்குள் இருந்தவர்களில் என் அப்பாவின் அத்தையும் ஒருவர். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவர். எனக்கு விவரம் தெரிந்த அறுபதுகளில், எல்லாரும் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போனபின் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தண்ணீர்க் குழாய் வரை வருவார். கங்காணி ஒருவர் மனம் இளகி, பலகையில் நாலு சக்கரம் பூட்டிக் கொடுத்தார். பாட்டி அதில் ஒருநாள்கூட ஏறவில்லை. விறகு இழுக்க வைத்துக்கொண்டார். ஒருமுறை நான் அவருடைய வாளியைத் தூக்கப் போனேன். "ஏன்டா, எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டாரே, இன்னும் காதில் நிற்கிறது.

அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் நடுநிலையாகப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதலாம், தாராளமாக. பிறந்த வருஷம், ஊர், நோய் இவற்றில் கைவைக்காமல் இருந்தால் சரி. புல்லில் கையூன்றியிருந்தபோது அவர் மனதில் என்ன ஓடியது என்பது நாவலாசிரியரின் இடம். நம்மை அழவைப்பதற்காக அவரைப் பாவப்பட்ட ஜீவனாக்கினால்தான் எனக்குக் கோபம் வரும். படத்தில் முகம் தெரிவதில்லை அல்லவா, ஆளாளுக்கு ஒரு சோக முகத்தை ஒட்டிவிடுகிறோம்.

எனக்கு வேண்டியது வீட்டுக்குள் நடந்தது. யார் அடுப்பு மூட்டினார்கள்? தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாத ராத்திரிகள் உண்டா? வருஷக்கணக்காக ஓர் ஓவியர் மாடிப்படி ஏறி இறங்கினால் வீட்டுக்காரிக்கு எரிச்சல் வராதா? அப்புறம், 1967 டிசம்பர் கடைசியில் அல்வாரோ இறந்தார், அடுத்த ஜனவரியிலேயே கிறிஸ்டினாவும் போய்விட்டார். இடையிலிருந்த அந்த ஒரு மாதத்தை நீங்கள் வாசித்த நாவல் எத்தனை பக்கத்தில் சொல்கிறது? எனக்கு எழுதுங்கள். நானாக இருந்தால் அங்கேதான் கதையைத் தொடங்கியிருப்பேன்.

எங்கள் பாட்டிக்கு இருப்பது ஒரே படம். அவசரகாலத்தில் எல்லாருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தபோது எடுத்தது, தோளுக்கு மேல் மட்டும். நேராக நம்மையே முறைக்கிறார். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "பாட்டி எவ்வளவு உயரம், தாத்தா?" என்று கேட்கிறார்கள்.