சொந்த ஊரல்லாத ஊரைப் பிரியும்போது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

திருச்சியில் பிறந்த நான், மொரிசியஸின் எபேனில் ஒரு நிதி நிறுவனத்தில் சில ஆண்டுகளாகப் பணியாற்றிவருகிறேன். அடுத்த மாதம் மஸ்கட்டில் புதிய வேலையில் சேரவிருக்கிறேன். நானே தேடிக்கொண்ட வேலை, சம்பளமும் நன்று. ஆனாலும் பெட்டி கட்டத் தொடங்கியதிலிருந்து தூக்கம் சரியாக வருவதில்லை. ரோஸ்ஹில்லில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரைத் ‘தாந்தின்’ (அத்தை) என்றுதான் அழைப்பேன். அவர் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசும் தமிழ் மூதாட்டி. முருகன் பாடல்களைப் பிரெஞ்சு எழுத்துகளில் எழுதிவைத்து, தைப்பூச விரத நாட்களில் என்னோடு அமர்ந்து பாடுவார், ‘பழனி’யின் உச்சரிப்பை என்னிடம் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்வார். இப்போது அவரோடு துணிக்கொடிக்கும் வாசல் சாவிக்கும் ஓயாத சண்டை. ஊரிலிருக்கும் அம்மாவிடம் அழுதால், “அது என்ன நம்ம ஊரா, பிழைக்கப் போன இடம்தானே” என்கிறார். தாந்தினிடம் டிசம்பரில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் புறப்படலாமா? வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ரோஸ்ஹில் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பிரிவு மட்டுமல்ல, அந்தப் பிரிவுக்காக வருந்த உங்களுக்கு உரிமையில்லை என்று வீட்டாரே சொல்லிவிட்டதும்தான் என்று நினைக்கிறேன். சமூகம் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980களிலேயே தனியாக அடையாளம் கண்டு எழுதினார். இறப்புக்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டு. ஒப்பந்தம் முடிந்து நாடு மாறுகிறவருக்குச் சடங்கும் இல்லை, துக்கம் விசாரிக்க வருவோரும் இல்லை. உங்கள் தாயார் மனத்தில் அன்பில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. மகள் தேறிவிட வேண்டுமென்ற அவசரத்தில் சொல்லியிருப்பார்.

துணிக்கொடிச் சண்டையை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்களோடு நெடுங்காலம் பழகிய டேவிட் பொல்லாக், புறப்படும் காலம் நெருங்கும்போது மனிதர்கள் தம்மை அறியாமலே உறவுகளைத் தளர்த்திக்கொள்வதையும், கோபம் இருந்தால் பிரிவது எளிதாகிவிடுவதையும் கவனித்தார். ஆனால் அந்தக் கோபம் விமானத்தில் உங்களோடு மஸ்கட்டுக்கும் வந்துவிடும். எனவேதான் அவர் மனத்தாங்கலைத் தீர்ப்பதை முதலில் வைத்தார். நன்றி சொல்வது, மனிதர்களிடமும் இடங்களிடமும் விடைபெறுவது, போகுமிடத்தைப் பற்றி யோசிப்பது ஆகியவை அதற்குப் பின்னர்தான்.

டிசம்பர் வாக்குறுதியை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் பிரான்சிலும் இங்கிலாந்திலும் குடியேறிவிட்ட வீடுகள் இத்தீவில் ஏராளம். ‘அடுத்த விடுமுறைக்கு வருகிறோம்’ என்ற சொல்லை நம்பி அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்துக் காத்திருக்கும் முதியவர்களை என் ஆலோசனை அறையிலேயே நிறையப் பார்க்கிறேன். கடைசி நாளில் பாஸ்போர்ட்டும் பெட்டி எடையுமே மனத்தை நிறைத்துவிடுமென்பதால், ஒரு வாரம் முன்னதாகவே ஒரு மாலையில் கதோ பிமான் (பருப்பு வடை போன்ற மிளகாய்ப் பலகாரம்) வாங்கிக்கொண்டு அவரிடம் போய் உட்காருங்கள். துணிக்கொடிச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள். திரும்பி வருவது உறுதியில்லை என்பதையும் சொல்லுங்கள். அவர் அழுதால் தேற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம். அந்தப் பாடல்களை உங்கள் குரலில் அவருடைய கைப்பேசியில் பதிவு செய்து கொடுக்கலாம். உச்சரிப்புக்கு ஆள் தேடும் அவருக்கு அது பயன்படும். மறுநாள் கோர் தெ கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்குத் தனியாகவே போய்வாருங்கள்.

மஸ்கட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அலுவலகம் இல்லாத அந்த இரு நாட்கள்தான் தொடக்கத்தில் கனக்கும் என்பதால், முதல் சில வாரங்களுக்கு அவற்றில் யாரைச் சந்திப்பது, எங்கே போவது என்பதை இங்கிருந்தே முடிவு செய்யுங்கள். அங்கே போய்ச் சில வாரங்களாகியும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, உணவும் வேலையும் பாதிக்கப்பட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, வீட்டு முன்பணத்தைத் திரும்பப் பெறும் பேச்சை அந்த மாலையில் எடுக்க வேண்டாம். வேறொரு நாளில் தனியாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.