அப்பாவுக்கு டிஐஏ என்கிறார்கள், ஆள் இப்போது நன்றாக இருக்கிறார். பெங்களூரில் இத்தனை டெஸ்ட், இத்தனை டாக்டர் என்று எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டது இதுதான்: 68 வயது அப்பாவுக்கு முந்தாநாள் பத்து நிமிடம் பேச்சு குழறி, வலது கை மரத்துப்போய், தானாகவே சரியாகிவிட்டது. எமர்ஜென்சியில் சிடி ஸ்கேன் எடுத்து நார்மல் என்றார்கள், சீட்டில் டிஐஏ என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். கூடவே எம்ஆர்ஐ, டாப்ளர் (கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன்), எக்கோ (இதய ஸ்கேன்), ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்வது), நியூரோ, கார்டியோ என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி அனுப்பிவிட்டார்கள். அப்பாவோ எல்லாம் வீண் செலவு, ஊருக்குப் போகிறேன் என்கிறார்.

எல்லாமே தேவைதான். சிலவற்றை இன்றைக்கே செய்தாக வேண்டும். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஒரு ரத்தக்கட்டி வந்து அடைத்து, பிறகு விலகிப்போயிருக்கிறது. அதைத்தான் டிஐஏ என்கிறார்கள். கட்டி கரைந்திருக்கலாம். ஆனால் அது எங்கிருந்து கிளம்பி வந்ததோ அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. முழு பக்கவாதம் வருகிற ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதனால் நரம்பியல் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான் என்று சொன்னால் காத்திருக்காதீர்கள். பக்கவாத சிகிச்சை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், "முந்தாநாள் டிஐஏ, எம்ஆர்ஐயும் ரத்தக்குழாய் ஸ்கேனும் இன்னும் ஆகவில்லை" என்று சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு அதன் அவசரம் தெரியும்.

நான் டாக்டர் இல்லை. என் மாமனாருக்கு இதே மாதிரி வந்து, அவரோடு அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். அவர் கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கத்தை மூடும்வரை அங்கே ஃபிட்டராக இருந்தவர். இப்போது கே.ஆர்.புரத்தில் எங்களோடு இருக்கிறார். ஒருநாள் காலை பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடி, "ஏம்மா, அந்த குடை... குடையைக் கொடு" என்றார். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் கை காட்டியதோ ஆணியில் தொங்கிய கேட் சாவியை. வாய் தப்பாகச் சொல்வது அவருக்கே தெரிந்தது, கண் கலங்கிவிட்டது. காபி போட்டு முடிப்பதற்குள் பேச்சு சரியாகிவிட்டது.

அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வாய் குழறியதா, வார்த்தை மாறி வந்ததா?" குழறினால் நாக்கும் உதடும் சரியாக அசையவில்லை என்று அர்த்தம். வார்த்தை மாறினால் மூளையில் மொழியைக் கவனிக்கிற பகுதியில் ரத்தம் குறைந்திருக்கிறது. எந்தப் பக்கம், எந்தக் குழாய் என்று அவர்கள் ஊகிப்பதற்கு இதெல்லாம் வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எந்தக் கை, முகம் கோணியதா, பார்வை மங்கியதா, எவ்வளவு நேரம் இருந்தது என்று பக்கத்தில் இருந்தவர் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்கு டாக்டர்களிடம் சொல்லும்போது நான்கு விதமாகச் சொல்லாமல் இருக்க அது உதவும்.

இனி டெஸ்டுகள். எமர்ஜென்சியில் எடுக்கிற சிடி முக்கியமாக மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். கசிவு இருக்கிறவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஆபத்து. புதிதாக வந்த சின்ன அடைப்பு சிடியில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்று ஒரு பகுதி எடுப்பார்கள், அதில் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சும் சுமார் இரண்டு வாரத்தில் மங்கிவிடும். ஆகையால் அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்தப் படம் சொல்லக்கூடிய முக்கியமான விஷயம் போய்விடும். எடுப்பதற்கு முன்னால் பேஸ்மேக்கர், உடம்புக்குள் கிளிப், பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மாமா பல வருடம் கிரைண்டர் பக்கத்தில் வேலை செய்தவர் என்று நான் சொன்னதும், இரும்புத்துகள் ஏதாவது கண்ணுக்குள் தங்கியிருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் எம்ஆர்ஐ அறைக்குள் விட்டார்கள். பட்டறை, வெல்டிங் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

மூளைப் படத்தோடு கழுத்து, தலை ரத்தக்குழாய்களையும் ஒரே தடவையில் ஆஞ்சியோவாக எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். மறுபடி ஒருநாள் பட்டினி, ஆட்டோ, டோக்கன் என்று அலைய வேண்டியதில்லை. கழுத்துக் குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால் ஆபரேஷனோ ஸ்டென்டோ வேண்டியிருக்கும். அதையும் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். சாய மருந்து ஏற்றுவதாக இருந்தால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இதயப் பகுதியில்தான் நிறையப் பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மாமாவுக்கு ஈசிஜி நார்மல், எக்கோவில் குறை இல்லை, 24 மணி நேர ஹோல்டரும் நார்மல். கழுத்துக் குழாயிலும் பெரிய அடைப்பு இல்லை. என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே மைசூர்பாக் வாங்கிவந்துவிட்டார். நரம்பியல் டாக்டர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "இவ்வளவு தெளிவாக வார்த்தை மாறியிருக்கிறது, காரணம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஒரு நாளில் வரவில்லை என்பது மட்டும்தான் இந்த ரிப்போர்ட்" என்று சொல்லி, நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் ஒன்றை ஒரு வாரம் போடச் சொன்னார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு அதில் பிடிபட்டது. கொஞ்ச நேரம் வரும், போய்விடும், அவருக்கு ஒன்றுமே தெரியாது. அந்த நேரத்தில் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போகிறது. இந்த வகைக் கட்டிக்கு ஆஸ்பிரின் போதாது, மருந்தே வேறு. அபிக்ஸபான் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு மாற்றினார்கள். நார்மல் என்ற தாளோடு நாங்கள் நின்றிருந்தால் அவர் தப்பான மாத்திரையையே சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். காரணம் கிடைக்கவில்லை என்று உங்களிடமும் சொன்னால், இன்னும் நீண்ட நாள் மானிட்டர் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

நடுவில் வழி மாறிய கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வழக்கமாக எடுக்கிற மார்பு எக்ஸ்ரேயில் மாமாவுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள். டிபியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்று ஒரு இளம் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. மூளையையும் இதயத்தையும் விட்டுவிட்டு எல்லோரும் நுரையீரல் பின்னால் ஓட ஆரம்பித்தோம், பேட்ச் போடுவது தள்ளிப்போனது. மாமா மட்டும் அமைதியாக, "கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி இருக்கு பாரும்மா" என்றார். சுரங்க ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படங்கள், பழுப்பு உறையில், ஓரம் சுருண்டு கிடந்தன. நுரையீரல் டாக்டர் பழையதையும் புதியதையும் விளக்குப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். அதே இடத்தில் அதே புள்ளிகள். பாறைத்தூள் படிந்து வந்த சிலிகோசிஸ். அது இருக்கிறவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் சளியை மட்டும் சோதித்துவிட்டு, அந்தக் கவலையை அங்கேயே முடித்துவைத்தார். அப்பாவின் பழைய ஈசிஜி, எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட் எது இருந்தாலும் ஊரிலிருந்து வரவழையுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொள்ளாமல் படத்தையும், அது பதிவான சிடி டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள்.

பெங்களூரில் எங்கே என்றால், நரம்பியலுக்கு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ். மத்திய அரசு நிறுவனம், எமர்ஜென்சி எந்நேரமும் உண்டு. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுவது நல்லது. பிபிஎல் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள், கட்டணச் சலுகை உண்டு. இதயத்துக்கு ஜெயநகர் ஒன்பதாவது பிளாக்கில் ஜெயதேவா, அது மாநில அரசுடையது. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதையில் ஜெயதேவா பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் வந்துவிட்டது. வயதானவர்களைக் கூட்டிப்போக இப்போது எவ்வளவோ சுலபம். இன்சூரன்ஸ் இருந்து தனியாருக்குப் போவதானால், நியூரோவும் கார்டியோவும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். அட்மிஷன் இல்லாமல் வெளியே எடுக்கிற டெஸ்டுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது. ஆனால் அட்மிட் ஆனால் அதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆன செலவையும் கோரலாம், பில்களை வைத்திருங்கள்.

இதில் நான் அடித்துச் சொல்வேன்: யாராவது ஒரு டாக்டர் முழுக் கதையையும் கையில் வைத்திருக்க வேண்டும். டிஐஏவுக்கு அது நரம்பியல் டாக்டர். மற்றவர்கள் சொல்வதெல்லாம் கடைசியில் அவர் மேஜைக்கு வர வேண்டும். எங்களுக்கு இதய டாக்டர் புது மாத்திரை எழுதினார். பழைய ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் என்ன ஆக வேண்டும் என்று சீட்டில் எழுதவில்லை. மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். வெளியே வராமல் அங்கேயே நின்று, "எது தொடர வேண்டும், எது நிற்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டு எழுதி வாங்கினேன். உங்கள் அப்பாவுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரை கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் 21 நாளுக்குத்தான், பிறகு ஒன்றாகக் குறைப்பார்கள். நிறுத்தும் தேதியை டாக்டரிடம் கேட்டு அட்டையிலேயே எழுதுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், பல் பிடுங்குவதற்காக இருந்தாலும் சரி.

ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னாலும் கேட்க ஒரு கேள்வி உண்டு: "இது எப்படி வந்தால் சிகிச்சை மாறும் டாக்டர்?" நல்ல டாக்டர்கள் கோபப்படமாட்டார்கள், மாமாவின் நரம்பியல் டாக்டர் படம் போட்டே காட்டினார். கொலஸ்ட்ராலும் மூன்று மாத சர்க்கரை அளவும் கட்டாயம். கெட்ட கொலஸ்ட்ராலை 70-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். ஆனால் லேபில் சலுகை விலை என்று நீட்டுகிற முழு உடல் பேக்கேஜை இப்போது தொடாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஹோல்டர் போடலாம்.

அப்பா ஏன் மறுக்கிறார் என்று ஒருதடவை உட்கார்ந்து கேளுங்கள். மாமாவும் செலவு செலவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ராத்திரி என்னிடம் மட்டும், "நெஞ்சைக் கிழிப்பாங்களாம்மா?" என்று கேட்டார். பேட்ச் என்றால் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுவதுதான் மாமா, ஊசிகூட இல்லை என்று சொன்ன பிறகு மறுநாள் அவரே முதலில் கிளம்பி நின்றார்.

ஊருக்கு அனுப்பலாமா என்றால், ரத்தக்குழாய் ஸ்கேன் முடிந்து நரம்பியல் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். அதன் பிறகும் ராத்திரி பஸ்ஸில் தனியாக அனுப்பாதீர்கள். ஊருக்குப் பக்கத்தில் சிடி வசதியும், கட்டியைக் கரைக்கிற ஊசி போடும் வசதியும் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அந்த ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எதுவும் இல்லாத ஆஸ்பத்திரிக்கு முதலில் போனால் பாதி நேரம் அங்கேயே போய்விடும். 108 கர்நாடகம், தமிழ்நாடு இரண்டிலும் வரும். மருந்துச் சீட்டையும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து, ஊரில் அப்பாவோடு இருக்கப்போகிறவரின் போனில் போட்டுவிடுங்கள். பேச்சு, முகம், கை, பார்வை எதிலாவது மறுபடி மாற்றம் தெரிந்தால், போன தடவை தானாகச் சரியானதே என்று காத்திருக்காமல் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.