கொசு மருந்துப் பம்பும் கண்ணாடிக் குடுவையும்

வாசனை எண்ணெய் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பாரிமுனைப் பக்கம் எண்ணெய்க் கடை கவுன்டரில் முப்பது வருடம் நின்ற ராயபுரத்துக்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு ஹால், ஒரே ஜன்னல். தண்ணீர் ஊற்றினால் புகை மாதிரி வருமே, அந்த டிஃப்யூசர் வாங்கினோம். சில மாதத்தில் மெஷின் நின்றுபோனது, அது இருந்த மூலையில் சுவரும் ஈரம் கோத்துவிட்டது. இப்போது தண்ணீரே வேண்டாத கண்ணாடி டிஃப்யூசர் வாங்கலாம் என்கிறான் மகன். தண்ணீர் இல்லாமல் எண்ணெய் எப்படி ஐயா காற்றில் போகும்? சூடு பண்ணுமா? வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி இருக்கிறாள்.
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: சூடே கிடையாது அம்மா. முன்பு நம் வீடுகளில் கொசு மருந்து அடிக்கிற தகரப் பம்பு ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கைப்பிடியைத் தள்ளினால், மருந்து டப்பாவிலிருந்து எட்டிப் பார்க்கும் மெல்லிய குழாயின் வாய்க்கு மேலே காற்று சீறிக்கொண்டு போகும். சீறிப் போகும் காற்றில் அழுத்தம் குறைவு. அதனால் கீழே இருக்கும் மருந்து குழாய் வழியே மேலே ஏறும், ஏறினதும் காற்று அதைத் தூள்தூளாக உடைத்துவிடும். உங்கள் மகன் சொல்கிற டிஃப்யூசர் செய்வதும் இதே வேலைதான். அடியில், மீன் தொட்டிக்கு வைப்பது போல ஒரு சின்னக் காற்றுப் பம்பு. குடுவைக்குள் ஊசிமுனை போன்ற கண்ணாடிக் குழாய்கள். உடைந்த எண்ணெயில் பெரிய துளிகள் குடுவைச் சுவரில் மோதி வழிந்து, மறுபடி அடியிலேயே சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நுண்துளிகள் மட்டும்தான் மேல்வாய் வழியே வெளியே வரும். வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள், நூல் போல மெல்லியதாக எழும்பி அப்படியே கரையும்.

உங்கள் பழைய மெஷின் வேறு ஜாதி. அதில் ஒரு சின்னப் பீங்கான் தட்டு நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து தண்ணீரைப் பனியாக்கும், அதோடு நாலைந்து சொட்டு எண்ணெயும் போகும். போர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு அந்தத் தட்டின் மேல் வெள்ளையாகப் படிந்து அதிர்வையே நிறுத்திவிடும். அதோடு, கடற்காற்றில் ஏற்கெனவே பிசுபிசுக்கிற வீட்டுக்குள் தினமும் ஒரு டம்ளர் தண்ணீரைக் காற்றில் கலந்தால் சுவர் என்ன செய்யும், பாவம்? அந்த வகையில் மகன் சொல்வது சரி. தண்ணீர் இல்லாதது நம் ஊருக்குப் பொருத்தம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அங்கே எண்ணெய்க்குத் துணையாகத் தண்ணீர் இருந்தது. இங்கே வெளியே வருவது முழுக்க எண்ணெய். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பத்து நிமிடம் ஓடினால் தாராளம். மணிக்கணக்கில் ஓடவிட்டால் தலைவலிதான் மிச்சம், எண்ணெயும் சீக்கிரம் தீரும். நேரம் வைத்து நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், குத்துவிளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். ஆரஞ்சுத் தோலைத் தீபத்தின் அருகே பிதுக்கிப் பாருங்கள், பொறி பறக்கும். அது மாதிரி எண்ணெய்தானே குடுவைக்குள் இருக்கிறது.

பேத்தி இருக்கிற அறையில் மட்டும் வேண்டாம் அம்மா. நீலகிரித் தைலமும் புதினா எண்ணெயும் கைக்குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாது. சளி பிடித்தால் மணக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், நீலகிரித் தைலம் கொஞ்சம் உள்ளே போனாலும் ஆபத்து. அவள் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் வாங்கலாம். கருவாட்டு வாசனைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், டிஃப்யூசர் அதைப் போக்காது, அதன் மேல் இன்னொரு வாசனையைப் போர்த்தும், அவ்வளவுதான். சமையலறையில் எக்சாஸ்ட் ஃபேன் போடுவதே வழி.

கேள்வி: கண்ணாடி டிஃப்யூசரில் வெட்டிவேர் எண்ணெய் ஊற்றினேன். இரண்டு நாளில் பம்பு சத்தம் மட்டும் வருகிறது, வாசனை வரவில்லை. மெஷின் போச்சா?
– வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: போகவில்லை. எனக்கும் இதே நடந்தது தம்பி. முதன்முதலில் வாங்கியபோது, பிடித்த எண்ணெயாயிற்றே என்று வெட்டிவேரை அப்படியே ஊற்றினேன். மறுநாள் குடுவையைத் தூக்கிப் பார்த்தால் ஊசிமுனையில் தேன் மாதிரி பழுப்பாக ஒரு பொட்டு உறைந்து நின்றது. வெட்டிவேர், சந்தனம், பச்சிலை எல்லாம் கெட்டி எண்ணெய், அந்த நுண்ணிய துளையில் ஏறாது. குடுவையைக் கழற்றிக் கவிழ்த்து மிச்சத்தை வடித்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் குலுக்கிக் கொட்டுங்கள். ஊசி, குண்டூசி வைத்துக் குத்தாதீர்கள், கண்ணாடி முனை உடைந்தால் குடுவையே வீண். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடுத்த முறை எலுமிச்சைப்புல் எண்ணெயோ ஆரஞ்சு எண்ணெயோ நாலு பங்குக்கு ஒரு பங்கு வெட்டிவேர் கலந்து ஊற்றுங்கள். முதலில் எலுமிச்சை எழும்பும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் மழை பெய்த மண் மாதிரி வெட்டிவேர் வந்து உட்காரும். அந்த இரண்டாவது வாசனைக்காகவே நான் மாலையில் போடுவேன்.

கேள்வி: எண்ணெய் சீக்கிரம் தீர்கிறது. தேங்காய் எண்ணெய் கலந்து ஊற்றலாமா? வாங்கும் எண்ணெய் சுத்தமானதா என்று எப்படிப் பார்ப்பது?
– வியாசர்பாடி வாசகி

பதில்: கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய் ஆவியாகாது. நுண்துளியாக நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிக் கெடுதல் செய்யும். சோதிக்க, வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு வையுங்கள். எலுமிச்சைப்புல், ஆரஞ்சு போன்ற லேசான எண்ணெய் என்றால் மறுநாள் காலை தாள் காய்ந்திருக்கும். பஜ்ஜி மடித்த தாள் போல எண்ணெய்க் கறை நின்றால் கலப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிவேருக்கும் சந்தனத்துக்கும் இந்தச் சோதனை செல்லாது, அவை சுத்தமாக இருந்தாலும் கறை நிற்கும்.