நாற்பதைத் தாண்டியபின் முடி, தோல், நகத்துக்குச் சத்து மாத்திரை எடுக்கலாமா?

46 வயது, முடி கொட்டுகிறது, நகம் அடுக்கடுக்காகப் பிளக்கிறது, பயோட்டின் (பி வைட்டமின்களில் ஒன்று) மாத்திரையும் கொலாஜன் பவுடரும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அது முடியும்வரை பயோட்டினைத் தொடவே வேண்டாம். நான் மாத்திரையை முதலில் வாங்கினேன், அதனால் ஒரு வருடம் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன்.

எனக்கு 48 வயது, கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் வேலை. பல வருடங்களாகத் தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கிறேன். 45 வயதில் முடி கொட்ட ஆரம்பித்தது. குளியலறைத் தண்ணீர் போகும் துவாரம் தினமும் அடைத்துக்கொள்ளும். உடன் வேலை பார்க்கும் ஒரு அக்கா தான் சாப்பிடும் பயோட்டின் டப்பாவைக் காட்டினார். நானும் வாங்கினேன். ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முட்டை, நிலக்கடலை, பயறு சாப்பிடுகிறவர்களுக்கு அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது, உண்மையான பயோட்டின் குறைபாடு மிக அரிது.

ஐந்து மாதம் கழித்து வழக்கமான தைராய்டு பரிசோதனை எடுத்தேன். டி4 என்பது தைராய்டு ஹார்மோன். அது உடம்பில் குறைந்தால் டிஎஸ்ஹெச் ஏறும், கூடினால் டிஎஸ்ஹெச் இறங்கும். எனக்கு டிஎஸ்ஹெச் மிகக் குறைவாகவும் டி4 அதிகமாகவும் வந்தது. மருந்து கூடிவிட்டது என்று 75ஐ 50 ஆக்கினார்கள். அடுத்த பரிசோதனையிலும் அப்படியே வர, 25 ஆனது. அப்புறம்தான் கஷ்டம் தொடங்கியது. முகம் ஊதியது, உட்கார்ந்தால் தூக்கம், இரண்டு ஸ்வெட்டர் போட்டும் குளிர் அடங்கவில்லை. மார்கழிப் பனியில் எல்லோருக்கும்தான் குளிரும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முடி மட்டும் முன்பைவிடக் கொத்தாக வந்தது.

கடைசியில் கோயம்புத்தூருக்கு இறங்கி வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வேற என்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?" என்பதுதான். பயோட்டின் என்றதும் அதை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். டிஎஸ்ஹெச் உண்மையில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பல ஆய்வகங்களில் பரிசோதனையே பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்துத்தான் நடக்கிறதாம். ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் மிதந்தால் கணக்கு தப்பிவிடும். தைராய்டு குறைவாக இருப்பவருக்கு அதிகம் என்று காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகூடச் சிலவற்றில் தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே பயோட்டின் எடுப்பவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பாவது நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சரி, முடி ஏன் கொட்டியது? அதே பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1, பரவாயில்லை. ஆனால் ஃபெரிட்டின் 9 தான். உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டுவது அதுதான். 15க்குக் கீழே போனால் இருப்பு காலி என்று அர்த்தம். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ரத்தப்போக்கு அதிகமாகி எனக்கு அப்படி ஆகியிருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், ஃபெரிட்டினையும் கேட்டு வாங்குங்கள். கூடவே டிஎஸ்ஹெச், பி12, வைட்டமின் டி.

இன்னொன்று டீ. எங்கள் மலையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர் சாதாரணம். விருந்தாளி வந்தால் ஒன்று, மழை வந்தால் ஒன்று. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். நான் டீயை விடவில்லை, நேரத்தை மாற்றினேன். விடியற்காலை வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு, பதினொரு மணிக்கு இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாற்றோடு. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் டீ கிடையாது. இரும்பு மாத்திரையும் மருத்துவர் சொன்ன அளவில்தான், குறைவு இல்லாமல் எடுக்கக் கூடாது.

தைராய்டு அளவும் பழையபடி 75க்கு வந்தது. மூன்று மாதத்தில் கொட்டுவது குறைந்தது, ஆறு மாதத்தில் நெற்றியோரம் குட்டி முடிகள் தெரிந்தன. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் ஒரு மாதத்தில் பலன் என்று விற்பதை நம்பாதீர்கள். காய்ச்சல், அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும் முடி பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்குத்தான் பெயர் போகும். வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்டமாக உதிர்ந்தாலோ, அது தோல் மருத்துவர் பார்க்க வேண்டியது.

கொலாஜன் பவுடர் மாட்டின், பன்றியின் அல்லது மீனின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவம் என்றால் கவனியுங்கள். தோலின் ஈரப்பதம் கொஞ்சம் கூடுவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அந்த விலைக்கு மாதம் முழுக்க முட்டையும் பருப்பும் வாங்கலாம், நான் அதைத்தான் செய்தேன். இரண்டு மூன்று சத்து மாத்திரைகளைச் சேர்த்து மட்டும் சாப்பிடாதீர்கள். வைட்டமின் ஏவும் செலினியமும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும்.

நகத்துக்கு எனக்கு உதவியது பாத்திரம் கழுவும்போது கையுறையும், இரவில் தேங்காய் எண்ணெயும். விரல் நகம் முழுதாக மாற ஆறு மாதம் ஆகும். தோலுக்கு, ஊட்டி கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் குளிர்கிறதே என்று வெயிலைச் சும்மா விட்டுவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். தேயிலை பறிக்கும் பெண்கள் தலையை மூடிக் கட்டிக்கொள்வார்கள். நான் காலையில் சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு குடையும் எடுத்துப் போகிறேன்.