குவிக்ஆபிஸ் போகிறது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜூலை 2014

விஷயம் இதுதான். வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் ஃபைல்களைப் போனிலேயே திருத்த உதவிய குவிக்ஆபிஸ் ஆப்பை இன்னும் சில வாரங்களில் பிளே ஸ்டோரிலிருந்தும் ஆப் ஸ்டோரிலிருந்தும் எடுத்துவிடப் போவதாக கூகுள் போன மாதக் கடைசியில் அறிவித்தது. அந்த வேலையை இனிமேல் டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் என்ற மூன்று தனி ஆப்புகள் பார்த்துக்கொள்ளுமாம். நோக்கியா காலத்திலிருந்து இந்த ஆப்போடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): அண்ணா, என் போனில் ஏற்கெனவே இருக்கும் குவிக்ஆபிஸ் ஒருநாள் திடீரென்று திறக்காமல் போய்விடுமா?

போகாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றுதான் அறிவிப்பில் இருக்கிறது. புதிதாக யாரும் இறக்க முடியாது, புதிய வசதி எதுவும் சேராது. ஆனால் ஒன்று: யார் யாரோ மெயிலில் அனுப்பும் ஃபைல்களைத் திறக்கிற ஆப் இது. அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இருக்காது. செமஸ்டர் முடியும்வரை ஓட்டுங்கள், அடுத்த வருஷத்துக்கு நம்பி இருக்காதீர்கள்.

அப்புறம் எல்லோருக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை. மாற்று ஆப் கிடைத்துவிட்டது என்ற உற்சாகத்தில் குவிக்ஆபிஸை உடனே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். இதை இன்னும் நாலு முறை சொல்வேன், கோபிக்காதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): காசு கொடுத்து புரோ பதிப்பு வாங்கியவன் நான். அப்புறம் இலவசமாக்கினார்கள், இப்போது மூடுகிறார்கள். இது என்ன நியாயம்?

நியாயம் இல்லை, ஆனால் ஆச்சரியமும் இல்லை. 2012 ஜூனில் கூகுள் இந்த நிறுவனத்தை வாங்கியபோதே அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆப் அல்ல. மைக்ரோசாஃப்ட் ஃபைலைக் குலைக்காமல் திறந்து, திருத்தி, அதே வடிவத்தில் மூடும் அந்த வித்தை. டாக்ஸிடம் அப்போது அது இல்லை. வேர்டு ஃபைலைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், அதில் அட்டவணை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போகும். 2013 செப்டம்பரில் குவிக்ஆபிஸை இலவசமாக்கினார்கள். இந்த ஏப்ரல் கடைசியில் டாக்ஸும் ஷீட்ஸும் தனி ஆப்புகளாக வந்தன. ஜூன் 25 அன்று கூகுளின் ஆண்டு மாநாடான ஐ/ஓவில் ஸ்லைட்ஸும், மூன்றுக்கும் வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் ஃபைல்களை மாற்றாமல் அப்படியே திருத்தும் வசதியும் வந்தன. சாறு பிழிந்தாயிற்று, இனி சக்கை எதற்கு?

பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் போன வருஷம் ஜூலை 1 அன்று மூடப்பட்டபோதும் இதே புலம்பல்தான். அது இலவசம், உங்களுடையது காசு கொடுத்தது. இரண்டும் ஒரே வழியில்தான் போயின.

கேள்வி (சென்னை): இலவசமாக்கியபோது கூகுள் டிரைவில் 10 ஜிபி இடம் கூடுதலாகக் கொடுத்தார்களே, அதுவும் போய்விடுமா?

அது உங்கள் கணக்கோடு சேர்ந்தது, ஆப்போடு அல்ல. இரண்டு வருஷக் கெடு முடியும்வரை இருக்கும்.

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியர்): சார், என் போனை கிட்கேட்டுக்கு அப்டேட் செய்ததிலிருந்து மெமரி கார்டில் இருக்கும் மதிப்பெண் பட்டியலைத் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை. ஆப் மூடப்போவதால்தான் இப்படியா?

இல்லை சார். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் ஆப்பை மாற்றினாலும் இந்தத் தொல்லை உங்களை விடாது.

முன்பெல்லாம் எந்த ஆப்பும் மெமரி கார்டில் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். கூகுளின் விதி கிட்கேட்டுக்குக் கொஞ்சம் முன்பே மாறிவிட்டது, ஆனால் போன் தயாரிப்பாளர்கள் கண்டுகொள்ளவில்லை. கிட்கேட்டில், அதாவது ஆண்ட்ராய்டு 4.4-இல், அதைக் கறாராக அமல்படுத்திவிட்டார்கள். இப்போது நீங்கள் ஸ்டோரிலிருந்து இறக்கும் ஆப், கார்டில் எல்லா இடத்தையும் படிக்கலாம். எழுதுவது மட்டும் ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘டேட்டா’வில் அதற்கென்று இருக்கும் ஒரு அறையில்தான். உங்கள் பட்டியல் கார்டில் வேறெங்கோ இருக்கிறது. அதனால்தான் திறக்கிறது, சேமிக்க மறுக்கிறது.

வழி சுலபம். போனோடு வந்த ஃபைல் மேனேஜருக்கு இந்தத் தடை இல்லை. அதைக்கொண்டு பட்டியலை போனின் உள் சேமிப்புக்கு நகர்த்துங்கள், அங்கே திருத்துங்கள், வேண்டுமானால் மறுபடி கார்டுக்கு நகல் எடுங்கள். டாக்ஸ், கிங்சாஃப்ட் ஆபிஸ், எதற்கு மாறினாலும் இதேதான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. அந்தத் தனி அறை இருக்கிறதே, ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் அறையும் சேர்ந்து காலி. கார்டில்தானே இருக்கிறது, பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருமுறை வேறொரு ஆப்பில் ஒரு முழு வருஷ வரவு செலவுக் கணக்கை நானே இப்படித் தொலைத்தேன். அன்றிலிருந்துதான் இந்த எச்சரிக்கைப் பைத்தியம் பிடித்தது.

கேள்வி (பெங்களூரு): என்னிடம் இருப்பது ஐபேடு. உடனே டாக்ஸுக்கு மாறிவிடவா?

பொறுங்கள். மாற்றாமல் திருத்தும் வசதி இப்போதைக்கு ஆண்ட்ராய்டிலும் குரோமிலும்தான். ஐஓஎஸ்ஸுக்கு இனிமேல்தான் வர வேண்டும். ஸ்லைட்ஸ் ஆப்பும் அங்கே இன்னும் வரவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஐபேடு வேர்டு மார்ச்சில் வந்தது. படிக்க இலவசம், திருத்த ஆபிஸ் 365 சந்தா வேண்டும். ஐபேடில் ஆப்பை அழித்தால் உள்ளே இருக்கும் ஃபைலும் போய்விடும். எல்லாவற்றையும் உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெயர் இல்லை): என் போனில் உள்ள ஆப் நின்றுவிடுமா?

முதல் பதில்.

கேள்வி (சேலம்): அண்ணே, ஸ்டோரிலிருந்து எடுத்த பிறகு ஏபிகே ஃபைல் (ஸ்டோர் இல்லாமலே ஆப்பை ஏற்றும் ஃபைல்) எங்கே கிடைக்கும்? லிங்க் கொடுங்க.

தரமாட்டேன். முன்பின் தெரியாத தளத்தில் கிடைக்கும் ஏபிகேயில் குவிக்ஆபிஸோடு இன்னும் என்னென்ன சேர்த்துக் கட்டியிருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் போனில் அதை ஏற்றாதீர்கள்.

கேள்வி (சிவகாசி, டிடிபி தொழில்): பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாண பத்திரிகை ஃபைல்கள் குவிக்ஆபிஸில் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். கூகுள் டாக்ஸிலாவது தமிழ் வருமா?

வராது. ஏனென்றால் அந்த ஃபைலுக்குள் தமிழே இல்லை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்தவை. உங்கள் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரிகிறது, போனில் போர்வை விலகிவிடுகிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி எது தெரியுமா? ஆங்கில அரைப்புள்ளி. மணமகன் பெயரை அந்த ஃபைலில் யூனிகோடில் (தமிழுக்கென்று தனி எண்கள் உள்ள உலகப் பொது முறை) தேடிப் பாருங்கள், கிடைக்காது. யூனிகோடுக்கு மாறுங்கள், மாற்றுவதற்கு என்ஹெச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது.

சிவகாசிக்காரர் மறுபடி: சொல்வது சுலபம் சார். எங்கள் கடையில் பக்கம் கட்ட ஓடுவது பேஜ்மேக்கர் மென்பொருள். யூனிகோடில் கொண்டுவந்து ஒட்டினால் எல்லாம் கேள்விக்குறி. பாமினிதான் சோறு போடுகிறது.

ஒப்புக்கொள்கிறேன். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்குத் தமிழ் யூனிகோடு தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் நான் அச்சுக்குப் போகும் ஃபைலைச் சொல்லவில்லை, சேமித்து வைக்கும் ஃபைலைச் சொல்கிறேன். உள்ளடக்கத்தை யூனிகோடில் வையுங்கள், பக்கம் கட்டும்போது பாமினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகி விடுகின்றனவே. அதைத் திருத்தவே அரை நாள் போகிறது.

உண்மைதான். கன்வர்ட்டருக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது, இரண்டும் ஒரே எண்கள். ஆங்கிலப் பகுதிகளை முதலில் வெட்டித் தனியே வைத்துவிட்டு மாற்றுவதுதான் நான் செய்வது. அலுப்பான வேலைதான்.

அரசு ஊழியர் ஒருவர்: யூனிகோடு என்று 2010-லேயே அரசாணை வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் இன்றும் பாமினி மாதிரியான வானவில் எழுத்துருதான். மேலிருந்து வரும் ஃபைலே வானவில்லில் வந்தால் நான் மட்டும் மாறி என்ன பயன்?

அது உங்கள் மேலிடத்துக்கான கேள்வி.

சிவகாசிக்காரர்: பார்த்தீர்களா, அரசாங்கமே மாறவில்லை, என்னை மாறச் சொல்கிறீர்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டது போனில் தமிழ் தெரியுமா என்று. பாமினியை வைத்துக்கொண்டு போனில் தமிழ் தெரிய வழி ஒன்றுதான்: பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது. எழுத்துருவை அதற்குள்ளேயே சேர்த்துவிட்டால் எந்தப் போனிலும் தெரியும், ஆனால் திருத்த முடியாது. பத்திரிகையை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு மட்டும் என்றால் அது போதுமே. திருத்தத்தை அவர் போனில் வாய்மொழியாகச் சொல்லட்டும், இப்போதும் அப்படித்தானே நடக்கிறது? புதுக் கணினி வாங்கும்போது பேஜ்மேக்கருக்குப் பதிலாக இன்டிசைன் சிஎஸ்6 அல்லது அதற்கு மேல் பாருங்கள், இந்திய மொழி யூனிகோடு அதில் ஒழுங்காக வரும். அதுவரை பாமினியைப் பற்றி இங்கே இன்னொரு கேள்வி வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (ஈரோடு): எக்ஸெல் மேக்ரோ போட்ட ஃபைல் ஷீட்ஸில் ஓடுமா?

ஓடாது. குவிக்ஆபிஸிலும் ஓடவில்லை. கணினிதான்.

கேள்வி (சிங்கப்பூர்): ஆண்ட்ராய்டு போனுக்குக் கூகுள் வேண்டாம். வேறு என்ன இருக்கிறது?

மைக்ரோசாஃப்ட்டின் ஆபிஸ் மொபைல் மார்ச்சிலிருந்து வீட்டு உபயோகத்துக்கு இலவசம், ஆனால் போனுக்கு மட்டும், டேப்லெட்டுக்கு இல்லை. கிங்சாஃப்ட், பல்கேரியாக்காரர்களின் ஆபிஸ்சூட், பாம் காலத்துப் பழம்பெருமை கொண்ட டாக்குமெண்ட்ஸ் டு கோ ஆகியவையும் உண்டு. எதை எடுத்தாலும் முதலில் ஒரு சோதனை: புது ஃபைலில் ‘கொ, கௌ, ஸ்ரீ, மூன்று’ என்று அடித்துப் பாருங்கள். சில ஆப்புகள் எழுத்தைப் போனிடம் விடாமல் தாங்களே வரையும், அப்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். சேமித்து, மூடி, மறுபடி திறந்தும் பாருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): இப்போது போனில் இருக்கும் குவிக்ஆபிஸ் வேலை செய்யுமா, செய்யாதா? நேராகச் சொல்லுங்கள்.

செய்யும், செய்யும், செய்யும். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் கிடையாது.

கேள்வி (நாகர்கோவில், ஓய்வு பெற்றவர்): தம்பி, என்னிடம் இருப்பது நோக்கியா இ71. அதிலும் குவிக்ஆபிஸ்தான் இருக்கிறது. பேரன் ‘தாத்தா, உங்கள் போனிலும் போய்விடும்’ என்று பயமுறுத்துகிறான்.

ஐயா, பேரனிடம் சொல்லுங்கள், உங்கள் போனில் இருப்பது கூகுள் வருவதற்கு முன்பே போனோடு சேர்ந்து வந்தது. பிளே ஸ்டோரில் எதை எடுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நோக்கியா ஸ்டோரே உங்கள் போனில் ஓடும் சிம்பியன் இயங்குதளத்துக்கான புதிய ஆப்புகளையும் அப்டேட்டுகளையும் இந்த ஜனவரி 1 முதல் ஏற்பதில்லை, அதனால் அதைக் கெடுக்கவும் இனி யாரும் வரப்போவதில்லை. பேட்டரி உப்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைல்களை ஒருமுறை கணினியில் நகல் எடுத்தீர்களா?

நாகர்கோவில் ஐயா: எடுத்துவிட்டேன் தம்பி, மூன்று இடத்தில்.

இவர் ஒருவர்தான்.