லிட்டில் மிசௌரி பள்ளத்தாக்கும் பியூட் குன்றுகளும்: வரைபடக் கேள்வி பதில்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் லிட்டில் மிசௌரி ஆற்றையும், அதைச் சுற்றித் தட்டைத் தலையோடு செங்குத்தாக நிற்கும் பியூட் குன்றுகளையும் 1:24,000 அளவில் (தாளில் 1 செ.மீ. தரையில் 240 மீட்டர்) வரைவது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ஒரு மீட்டர் கட்டங்களாலான லிடார் (வானிலிருந்து லேசரால் அளந்த) உயரத் தரவிலிருந்து சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு, எடுத்தேன். பல்பல்லாக வருகிறது. ஏன்?

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். தரவை யுடிஎம் (மீட்டரில் இடம் குறிக்கும் உலகளாவிய கட்ட முறை) 13-ஆம் மண்டலத்துக்கு மாற்றும்போது, அருகிலுள்ள ஒரே கட்டத்தின் மதிப்பை எடுக்கும் 'நியரஸ்ட்' முறையை அப்படியே வைத்திருந்தால் தரையில் படிக்கட்டு விழும்; சுற்றியுள்ள நான்கு கட்டங்களைக் கலந்து கணக்கிடும் 'பைலீனியர்' தேர்ந்தெடுங்கள். அடுத்து, இந்த அளவுக்கு ஒரு மீட்டர் கட்டம் மிக நுணுக்கம். சராசரி முறையில் 5 மீட்டராக்கிவிட்டுக் கோடு எடுங்கள். கோடுகளுக்கிடையே உயர இடைவெளி 20 அடி என்றால் 6.096 மீட்டர் என்றே கொடுக்க வேண்டும். 6 என்று கொடுத்தால், 3,000 அடி என்று பெயரிட்ட கோடு உண்மையில் 2,953 அடியில் ஓடும். இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆபத்து.

கேள்வி: அப்படிச் செய்ததும் பியூட்டின் விளிம்பு மழுங்கிவிட்டதே?

பதில்: சராசரி எடுத்தால் மழுங்கத்தான் செய்யும். உயரத் தரவிலிருந்து சரிவுப் படம் (ஒவ்வோர் இடத்தின் சரிவைக் காட்டும் படம்) எடுத்து, 45 பாகைக்கு மேற்பட்ட இடங்களில் மட்டும் ஒரு மீட்டர் தரவையே வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பாறையின் (பியூட்டின் உச்சியை மூடியிருக்கும் கெட்டிப் பாறை) விளிம்பைத் தனிக் கோடாக நீங்களே வரைவது இன்னும் நல்லது. 60 பாகைச் சரிவில் 20 அடிக் கோடுகள் தாளில் 0.15 மில்லிமீட்டர் இடைவெளியில் விழும், அதாவது ஒட்டிக்கொள்ளும். அங்கே இடைக்கோடுகளை நிறுத்திவிட்டு 100 அடிக் கோடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உச்சியின் உயரத்தைக் கடைசிக் கோட்டிலிருந்து சொல்லலாமா?

பதில்: கூடாது. மாநிலத்தின் மிக உயர்ந்த இடமான வைட் பியூட் 3,506 அடி. 20 அடி இடைவெளியில் வரைந்தால் கடைசிக் கோடு 3,500. மேலே மிச்சம் 6 அடியா 19 அடியா என்று கோடு சொல்லாது. உச்சியில் புள்ளி உயரம் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: பழைய வரைபடத் தாளை என் படத்தின் மேலே வைத்தால் பொருந்தவில்லை.

பதில்: அந்தத் தாள் பெரும்பாலும் 1927 ஆதாரத்தளத்தில் (இட அளவுகளுக்கு அடிப்படையாக வைக்கும் தளம்) வரைந்தது. அந்தத் தளத்தின் யுடிஎம் கட்டம் 1983 தளத்திலிருந்து வடக்கு-தெற்காகச் சுமார் 200 மீட்டர் விலகும். உயரத்துக்கும் 1929, 1988 என இரு தளங்கள் உண்டு, மாற்றாமல் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: ஆற்றின் மேல் கோடுகள் சிக்கலாகக் கிடக்கின்றன.

பதில்: அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் விதிப்படி 100 அடிக்கு மேல் அகலமான ஆற்றுக்குத்தான் உயரத் தரவில் நீர்ப்பரப்பைச் சமப்படுத்துவார்கள். குறுகிய பகுதிகளில் நீங்களே கரையை வரைந்து சமப்படுத்துங்கள். ஆறு வளைவுகளை மாற்றிக்கொண்டே இருப்பதால், லிடார் பறந்த தேதியைப் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.